அந்தக் கதையில் அவள் பேசவே இல்லை

16 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் அவர் குறிப்பிட்ட நாவலின் பெயரையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பள்ளி வாசகர் வட்டத்துக்காக இளையோர் நாவல் ஒன்றைப் படித்து அவர் கருத்துரை எழுதியிருக்கிறார். நாவலை 17 வயதுப் பையன் ஒருவன் தன் வாயால் சொல்கிறான். நூலகத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அன்றிலிருந்து அவள் எத்தனை மணிக்கு வருகிறாள், எந்த நாற்காலியில் உட்காருகிறாள், எந்த வழியாகத் திரும்புகிறாள் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகிறான். அவள் தவறவிட்ட ரப்பர் பேண்டை எடுத்துப் பத்திரப்படுத்துகிறான். அவளுடைய செல்பேசியின் கடவுச்சொல்லை ஊகித்துத் திறக்கிறான். அவளுக்குக் கேடு செய்பவள் என்று தானே தீர்மானித்துக்கொண்ட ஒரு தோழியைப் பொய்யான குறுஞ்செய்தி அனுப்பிப் பிரித்துவிடுகிறான். கடைசியில் அந்தப் பெண்ணின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது; பூட்டிய கேட்டின் முன்னால் அவன் நிற்பதோடு கதை முடிகிறது.

நம் வாசகி இரண்டே இரவுகளில் படித்து முடித்து, அழுதும் இருக்கிறார். “இப்படி ஒருவன் நம்மை நேசித்தால் வாழ்க்கையில் வேறென்ன வேண்டும்” என்று முடியும் இரண்டு பக்கக் கருத்துரையை வட்டத்தில் வாசித்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லையாம். நெருங்கிய தோழி மட்டும், “இது உனக்குக் காதலாவா தெரியுது? எனக்குப் பயமா இருந்துச்சு” என்றிருக்கிறார். வீட்டில் அம்மா அந்த நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி இப்படிப்பட்ட புத்தகங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடிதத்தின் பிற்பகுதி வேறு திசையில் போகிறது. ஒரு வகுப்பு மேலே படிக்கும் பையன் ஒருவரோடு மூன்று மாதங்கள் செய்திகள் பரிமாறிக்கொண்டிருந்ததையும், அவர் பதில்கள் குறைந்து நின்றுபோனதையும், தம் சமூக வலைத்தளப் பக்கத்தை அவர் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொண்டதையும் வாசகி எழுதுகிறார். அதன்பின் வேறொரு பெண்ணின் பெயரில் கணக்குத் தொடங்கி அந்தப் பக்கத்துக்குள் நுழைந்திருக்கிறார். அந்தப் பையன் கடைசியாக இணையத்தில் இருந்த நேரத்தை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கிறோம் என்று எண்ணியபோது 43 வந்ததாம். “என் கருத்து தப்பா? இந்தப் புத்தகம்தான் என்னைக் கெடுத்துவிட்டதா? எனக்கு ஓசிடி (வேண்டாத எண்ணங்களும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் வாட்டும் மனநலக் கோளாறு) இருக்கிறதா? அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

43 என்ற எண்ணை நீங்களே எண்ணி, அதை மறைக்காமல் எழுதியதற்காக முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் பொதுவாக எண்ணுவதில்லை. தன்னைத் தானே சற்றுத் தள்ளி நின்று கவனிக்கும் ஒருவர் உங்களுக்குள் இருக்கிறார். இந்தப் பதில் முழுவதையும் அவரிடம்தான் பேசப்போகிறேன்.

பிடித்ததும் ஒப்புக்கொண்டதும்

ஒரு நாவல் உங்களை அழவைத்தது என்பதனால் அதில் வருபவன் செய்த எல்லாவற்றுக்கும் நீங்கள் சம்மதம் தெரிவித்துவிட்டதாக ஆகாது. தோழி பயந்தார், நீங்கள் அழுதீர்கள். இரண்டும் அந்தப் புத்தகம் நேர்மையாக ஏற்படுத்திய விளைவுகள்தாம். உங்கள் அழுகையை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஒருவர் நம்மை இவ்வளவு கவனித்துப் பார்க்க வேண்டும், நாம் உட்கார்ந்த நாற்காலியைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் எந்த வயதிலும் உண்டு. பதில்கள் நின்றுபோன ஒரு மாதத்தில் அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த ஏக்கத்தை நாவல் எப்படிக் கையாண்டது என்பதைப் பார்ப்பது அவசியம். கதையைச் சொல்பவனே எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லும் உத்தி மிகப் பழையது. அப்படிப்பட்டவனுக்கு ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்ற பெயரை 1961-இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வெயின் பூத் வழங்கினார். ‘நான்’ என்று ஒருவன் பேசத் தொடங்கியதும் நாம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அவனுடைய தூக்கமின்மை நமக்குத் தெரிகிறது, அவன் பின்தொடரும்போது அவளுடைய முதுகு விறைப்பது தெரிவதில்லை, ஏனென்றால் அவன் அதைச் சொல்வதில்லை. மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வாசகர்களிடம் ஒரு கதையைக் கொடுத்து, பொய்யாகத் தொனிக்கும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் குறைவான இடங்களையே வட்டமிட்டார்கள். எனவே இரண்டே இரவுகளில், தூக்கம் கெட்டுப் படித்த நீங்கள், கடவுச்சொல் திறக்கப்பட்ட பக்கத்தை எந்த உறுத்தலும் இன்றித் தாண்டிப் போனதில் வியப்பில்லை. நன்றாக எழுதப்பட்ட கதையில் ஆழ்ந்து போகும் வாசகர் எவருக்கும் இது நேரும். உங்கள் குணத்தில் குறை இருப்பதாக இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நீங்கள் வாசிக்காமல் விட்ட வரி

உங்கள் கருத்துரையின் படியையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். அதன் அடியில், மையில் எழுதிய பத்திகளுக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: “ஆனால் 340 பக்கம் படித்த பிறகும் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.” வட்டத்தில் அதை வாசிக்கவில்லை என்றும், கருத்துரையின் மற்றப் பகுதியோடு அது ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பக்கங்களிலும் மிகக் கூர்மையான வரி அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். அவள் வரும் நேரம் அவனுக்குத் தெரியும். எதற்காக நூலகத்துக்கு வருகிறாள் என்று தெரியாது. அவள் தலையில் கட்டிய ரப்பர் பேண்டின் நிறம் தெரியும். அவன் பிரித்துவிட்ட அந்தத் தோழி அவளுக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று தெரியாது. அவளைப் பற்றிய தகவல்கள் குறிப்பேடு நிறைய இருக்கின்றன, ஆனால் அவள் அதில் இல்லை. அவள் பேசுவதாக வரும் வரிகள் எத்தனை என்று உங்களால் எண்ணிவிட முடியும் என்று நினைக்கிறேன். பித்து என்பதை அதன் தீவிரத்தால் அளக்கிறோம். எவ்வளவு நினைத்தான், எவ்வளவு அழுதான், எத்தனை மணி நேரம் காத்திருந்தான் என்று பார்க்கிறோம். நான் கேட்கும் கேள்வி வேறு. அந்த அன்பில் எதிரில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு இடம் இருந்ததா? அவர் நாம் நினைத்ததற்கு மாறாக இருக்க அனுமதி இருந்ததா? அந்த நாவலின் 340 பக்கங்களில் அவளுக்கு அந்த இடம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. நூலாசிரியர் இதை அறிந்தே செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். பூட்டிய கேட்டில் கதையை முடித்ததே அதற்கு அடையாளம். அவள் பக்கத்திலிருந்து நாம் கேட்கும் ஒரே பதில் அந்தப் பூட்டுத்தான்.

நம் அகப்பொருள் இலக்கணம் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை என்றும் தனித்தனியே பெயர் வைத்து, இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. அவற்றைப் பாடக் கூடாது என்று விலக்கவும் இல்லை, ஐந்திணையோடு சேர்த்துக் குழப்பவும் இல்லை. பித்தைப் பற்றி நாவல் எழுதலாம், நீங்கள் படிக்கலாம், அதற்காக அழவும் செய்யலாம். அதை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கான பதில் இது: உங்கள் கருத்து தப்பில்லை, பாதியில் நின்றிருக்கிறது. புத்தகம் கெடுத்துவிட்டதா என்ற கேள்வியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளின்படி, நாவலைத் திறப்பதற்கு மூன்று வாரம் முன்னதாகவே அந்த இன்னொரு கணக்கைத் தொடங்கிவிட்டீர்கள். பழியை நாவலின் மேல் போடுவதற்கு வழியில்லை.

ஓசிடி என்ற சொல்லைப் பற்றி

காதலில் இருப்பவர்களின் இரத்தமும் ஓசிடி நோயாளிகளின் இரத்தமும் ஒன்றுபோல இருக்கும் என்று எங்கோ படித்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு மூலம் இத்தாலியில் டொனடெல்லா மராசிட்டியும் உடன்பணியாற்றியவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு. புதிதாகக் காதலில் விழுந்த 20 பேர், ஓசிடி உள்ள 20 பேர், இரண்டும் இல்லாத 20 பேர் ஆகியோரின் இரத்தத் தட்டணுக்களில், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்தை அளந்தபோது, முதல் இரு குழுவினரிடமும் அது குறைவாக இருந்தது. மிகச் சிறிய ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு காதல் ஒரு நோய் என்றோ, உங்களுக்கு ஓசிடி இருக்கிறது என்றோ சொல்லிவிட முடியாது.

ஓசிடி உள்ளவர்களைத் துன்புறுத்தும் எண்ணங்கள் அவர்களுக்கு வேண்டாத எண்ணங்கள். கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, அடுப்பை அணைக்கவில்லை, யாருக்கோ தீங்கு செய்துவிடுவேன் என்பது போன்ற நினைப்புகள் அருவருப்போடும் அச்சத்தோடும் வந்து மோதும். அவற்றைத் தணிக்கவே திரும்பத் திரும்பக் கழுவுவார்கள், சரிபார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் அந்த மேல்வகுப்பு மாணவரைப் பற்றிய நினைப்பை நீங்களே தேடிப் போகிறீர்கள். பாட்டுக் கேட்டு அதை வரவழைக்கிறீர்கள். தூங்கும் முன் அவரோடு நடக்காத உரையாடல்களை நடத்துகிறீர்கள். இந்த நிலைக்கு உளவியலாளர் டாரதி டென்னாவ் 1979-இல் ‘லிமெரன்ஸ்’ என்று பெயரிட்டார். ஒருவரைப் பற்றிய எண்ணம் ஓயாமல் வருவது, அவருடைய சின்னஞ்சிறு அசைவையும் அடையாளமாக எடுத்துக்கொள்வது, திரும்ப நேசிப்பாரா என்ற ஏக்கத்தில் தொங்குவது ஆகியவை அதன் இயல்புகள். நிச்சயமின்மைதான் அதற்குத் தீனி என்பதையும் அவர் கவனித்தார். தெளிவான ‘ஆம்’ அதைத் தணிக்கும், தெளிவான ‘இல்லை’யும் நாளடைவில் தணிக்கும், அரைகுறைப் பதில்தான் அதை வளர்க்கும். இது நோயின் பெயர் அன்று. பலர் கடந்து வந்த ஒரு நிலையின் பெயர்.

43 முறை பார்த்ததற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில் கிடைக்கும் வெகுமதி ஒரு பழக்கத்தை எவ்வளவு பிடிவாதமாக்கும் என்பதை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-இலேயே விரிவாக எழுதினார்கள். எப்போதும் பதில் வரும் இடத்தில் நாம் பரபரப்பதில்லை; எப்போதுமே வராத இடத்தில் கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறோம். ஐந்து நாள் மௌனத்துக்குப் பிறகு ஒரு நள்ளிரவில் வந்த “ம்” என்ற ஒற்றை எழுத்தை நீங்கள் படம் பிடித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த “ம்”தான் அடுத்த ஐம்பது தடவை உங்கள் கையைத் திரைக்குக் கொண்டுபோனது. அதோடு, உந்துதலுக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. எனவே ‘இனிமேல் பார்க்கவே மாட்டேன்’ என்ற சபதத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அந்த இன்னொரு கணக்கு

இதில் நான் மென்மையாகப் பேசினால் உங்களுக்கு நன்மை செய்தவனாக மாட்டேன். அவர் தம் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை என்றாலும் அது ஒரு பதில். நீங்கள் வேறு முகத்தோடு உள்ளே போனீர்கள். “நான் எதுவும் செய்யவில்லை, பார்க்க மட்டும்தான் செய்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலின் பையனும் குறிப்பேட்டைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொல்கிறான். அவரை ஏமாற்றித்தான் அந்த அனுமதியைப் பெற்றீர்கள் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டாக வேண்டும். பார்ப்பவர் பெண், பார்க்கப்படுபவர் ஆண் என்பதால் இதன் தன்மை மாறிவிடாது. பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா, 1990-இல். அதன்பின் பல நாடுகள் அத்தகைய சட்டங்களை இயற்றின. விருப்பத்துக்கு மாறாக ஒருவரை இணையத்தில் கண்காணிப்பதையும் அவற்றுள் சில சேர்த்துக்கொண்டன. வேறொரு பெண்ணின் பெயரைப் பயன்படுத்தியது தனிச் சிக்கல். அந்தப் பெண்ணுக்கும் நீங்கள் தீங்கு செய்திருக்கிறீர்கள். கேள்வி எழுந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்னும் பெரிதாகாத நிலையில், உங்கள் கையாலேயே நிறுத்தக்கூடிய கட்டத்தில் இருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கை இன்றே அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன் ‘கடைசியாக ஒருமுறை’ என்று உள்ளே போக வேண்டாம். அந்த “ம்” உட்பட எடுத்து வைத்திருக்கும் படங்களையும் நீக்குங்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதை நான் சற்று நேரம் எண்ணிப் பார்த்தேன். நேர்மை என்ற வகையில் அது நல்லதாகத் தோன்றும். ஆனால் விலகிப்போன ஒருவரிடம் நீண்ட மன்னிப்புக் கடிதம் சேரும்போது, அவர் மீண்டும் உங்களுக்குப் பதில் எழுத வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். உங்களுக்குள்ளும் ஒரு மூலையில் அந்தப் பதிலுக்கான காத்திருப்பு தொடங்கிவிடும். ஆகவே நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம். அவராகக் கண்டுபிடித்துக் கேட்டால் பொய் சொல்லாமல், இரண்டு வரியில் ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்து, நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை பழகிய பழக்கத்துக்கு, கை எட்டாதபடி செய்வதுதான் முதல் வழி. அவருடைய எண்ணைச் செல்பேசியிலிருந்து நீக்குங்கள்; கடைசியாக இருந்த நேரத்தைக் காட்டும் வசதியை நீங்களும் அணைத்துவிடுங்கள்; இரவில் செல்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும். பார்க்கத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் எழுந்து வேறு எதையாவது செய்யுங்கள். தினமும் எண்ணிக் குறித்து வாருங்கள். 43 ஒரே நாளில் பூஜ்யமாகாது. 30 ஆனால் அது முன்னேற்றம், மறுநாள் 35 ஆனாலும் தோல்வி இல்லை.

அம்மாவிடம் எவ்வளவு சொல்வது

உங்களுடைய ஒவ்வொரு எண்ணத்தையும் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 16 வயதில் உங்களுக்கென்று ஒரு தனி அறை மனத்தில் இருக்கலாம். ஆனால் நாவலை ஒளித்து வைப்பதைவிட அவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. அவர் புரட்டியது ஓரிரு பக்கங்கள். அவர் பயந்தது நீங்கள் அந்தப் பையனைப் போன்ற ஒருவனிடம் சிக்கிவிடுவீர்களோ என்றுதான் இருக்கும். கடவுச்சொல் வரும் அத்தியாயத்தைக் காட்டி, “இங்கே இவன் செய்வது தப்பு என்று எனக்கு முதலில் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது” என்று சொல்லிப் பாருங்கள். தடையைத் தளர்த்த இதைவிட வலுவான வாதம் உங்களிடம் இல்லை. பேச்சு அங்கே நன்றாக நடந்தால், பதில்கள் நின்றுபோன வருத்தத்தைப் பற்றியும் வேறொரு நாள் சொல்லலாம். அந்தப் பெயர் மாற்றிய கணக்கைப் பற்றி மட்டும் பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அம்மா முடியாது என்றால் பள்ளி ஆலோசகர், நம்பிக்கையான ஆசிரியர், அத்தை, அக்கா என யாராகவும் இருக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ படிப்போ குலைந்து போயிருந்தாலும், அவர் வீட்டுப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்ற உந்துதல் வந்தாலும், கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், அந்த நிமிடமே அருகில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்; நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

கடைசியாக, பின்குறிப்பில் நீங்கள் கேட்ட சின்னக் கேள்வி. நாவலின் இரண்டாம் பாகம் வந்திருப்பதாகவும், அதை அந்தப் பெண்ணே சொல்வதாகவும், படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தன் ரப்பர் பேண்ட் காணாமல்போன அந்த நாளைப் பற்றி அவள் என்ன சொல்வாள் என்று உங்கள் ஊகத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். பென்சிலாலேயே எழுதலாம். வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், முதல் கருத்துரையில் விட்டுப்போன வரியோடு சேர்த்து அதை வாசியுங்கள். உங்கள் தோழி அன்றைக்கு வந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.